சுடாத தளபதிக்கு ஆயுள் தண்டனையா? சரயேவோவும் காலிச் வழக்கும்

திருப்பூர் வாசகர் கேட்டது, 9 மார்ச் 2025

ஊரை வளைத்துப் பட்டினி போட்டுப் பிடிப்பது உழிஞை, நொச்சி (கோட்டையை வளைப்பது, காப்பது என்ற புறத்திணைகள்) காலத்திலிருந்தே நடப்பதுதான். போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவை வளைத்த போஸ்னிய செர்பியத் தளபதி ஸ்டானிஸ்லாவ் காலிச்சை மட்டும் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்துப்போய் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர் கையால் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. மலைமேல் இருந்த 18,000 பேரில் எவனோ சுட்டதற்கு இவர் எப்படிப் பொறுப்பு? தோற்ற பக்கத்து ஆள் என்பதைத் தவிர என்ன குற்றம்?

9 மார்ச், இரவு

முற்றுகை போட்டதற்காக அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. எதிரிப் படை உள்ளே இருக்கும் ஊரை வளைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உள்ளே இருக்கும் சனத்தைக் குறிவைப்பதைத்தான் தடுக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்பவர், டிராமில் போகிறவர், பிணம் புதைக்கப் போனவர், இவர்கள்மேல் விழுந்த குண்டுகள்தான் வழக்கு. 2003 டிசம்பர் 5ஆம் தேதித் தீர்ப்பு மூன்று குற்றங்களைச் சொன்னது: கொலை, மனிதத்தன்மையற்ற செயல், பொதுமக்களிடையே பீதியைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்முறை. இந்த மூன்றாவது குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுதான் முதல் தடவை. முதலில் கொடுத்தது 20 வருஷம். அவர் மேல்முறையீடு போனார், வழக்குத் தொடுத்த தரப்பும் போனது. 2006 நவம்பர் 30இல் அது ஆயுளாக ஏறியது. குறைக்கச் சொல்லிப் போனவருக்குக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். நம்ம ஊர் வாய்தா வக்கீல்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"கையால் சுடவில்லை" என்பதற்கு நாளைக்கு வருகிறேன். கரண்ட் போய்விட்டது.

10 மார்ச்

நான் வருவாய்த் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் நான் மிதிக்காத வரப்பு குறைவு. இந்த வழக்கில் எனக்கு ஆர்வம் வந்ததே அந்த வழியில்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரயேவோ ஒரு பள்ளத்தாக்கு ஊர். நடுவில் ஆறு, சுற்றி மலை. 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை, 1,425 நாள், அந்த மலைகளில் பெரும்பகுதி போஸ்னிய செர்பியப் படையின் கையில் இருந்தது. சரயேவோ ரோமானியா கோர் என்ற அந்தப் பிரிவுக்கு 1992 செப்டம்பரிலிருந்து 1994 ஆகஸ்ட் வரை காலிச் தளபதி. அவருடைய தலைமையகம் லுகாவிட்சாவில் இருந்தது. எங்கேயோ தொலைவில் இல்லை, ஊரின் ஓரத்திலேயே.

வழக்கில் வரும் ஒரு சம்பவம் 1992 டிசம்பரில் நடந்தது. தண்ணீர் எடுத்துவிட்டு வீடு திரும்பிய நேரம், மூன்று வயதுப் பெண் குழந்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. காலில் குண்டு. பாபா ஸ்டியெனா என்ற பாறை முகட்டிலிருந்து வந்தது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தத் தூரத்தைப் படித்ததும் எனக்கு என் பழைய தியோடலைட்தான் (கோணம் அளக்கும் தூரநோக்கிக் கருவி) நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துக் கருவியில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். செயின்மேன் (அளவைக்கு உதவுபவர்) ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்திலிருந்து தொங்குகிற மாதிரி நிற்பார். அவருடைய துண்டு என்ன நிறம், ஸ்டாஃபை நேராகப் பிடித்திருக்கிறாரா, இன்னொரு கையில் பீடி பற்றவைக்கிறாரா, எல்லாம் தெரியும். பக்கத்தில் குழந்தை வந்து நின்றால் குழந்தை என்று தெரியும். வெறுங்கண்ணுக்கு வெறும் புள்ளி. லென்ஸில் ஆள். காலிச் தரப்பு சொன்ன வாதங்களில் முக்கியமானது, இரண்டு பக்கச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள், தவறிப் பட்டது, போராளி என்று நினைத்துச் சுட்டிருக்கலாம் என்பது. சில சம்பவங்களில் அப்படியும் இருக்கலாம் என்று நீதிமன்றமே விட்டுக்கொடுத்தது. ஆனால் தூரநோக்கி பொருத்திய துப்பாக்கியை வைத்திருப்பவன் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் சுட்டான் என்பதை லென்ஸ் வழியாக வேலை பார்த்த எவனும் நம்பமாட்டான்.

நீதிமன்றம் இதை வாய்ப்பேச்சில் விடவில்லை. வழக்குத் தொடுத்த தரப்பின் புலனாய்வாளர்கள் அடிபட்டவரை அதே இடத்துக்குக் கூட்டிப்போய், நின்ற இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கிருந்து நாலாபக்கமும் சுற்றிப் படம் எடுத்தார்கள். அந்த முகட்டுக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் மரமோ சுவரோ மறைக்கிறதா என்று பார்த்தார்கள். சென்னிமலைப் படியேறி மேலே நின்றுகொண்டு கீழே நெசவாளர் தெருவில் எந்த வீட்டு வாசல் தெரிகிறது, எது மறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது போன்ற வேலை. சலிப்பான வேலைதான். தீர்ப்பு அதன்மேல்தான் நிற்கிறது.

10 மார்ச், மதியம்

ஒருவர் தனிச்செய்தியில், "அந்த மிலோசெவிச் தீர்ப்பு வருமுன்னே சிறையில் செத்துட்டாரே, அவருக்கு 29 வருஷம்னு எங்கேயோ படிச்சேனே" என்று கேட்டிருக்கிறார். அண்ணா, அது வேறு, இது வேறு. செத்தவர் ஸ்லோபோடன் மிலோசெவிச், முன்னாள் செர்பிய அதிபர். 29 வருஷம் வாங்கியவர் திராகோமிர் மிலோசெவிச், காலிச்சுக்குப் பிறகு அதே பிரிவுக்கு வந்த தளபதி. 2007இல் 33 வருஷம், 2009 மேல்முறையீட்டில் 29. பேர் ஒன்றாக இருக்கிறது என்று பட்டாவை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷம் ஆனாலும் சிவில் கோர்ட்டை விட்டு வெளியே வர முடியாது.

11 மார்ச்

"கையால் சுடவில்லை" என்பதற்கு பதில்.

சுட்டவர்கள் அவர் பேச்சைக் கேட்டார்களா என்பதுதான் கேள்வி. ஐ.நா. அதிகாரிகள் பல தடவை நேரில் போய் அவரிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஆகவே தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரிந்தும் அடக்க முடியவில்லையா? 1994 ஆகஸ்ட் 14இல் இரு தரப்பும் மறைந்திருந்து சுடுவதை நிறுத்த ஒப்பந்தம் போட்டபோது சில மாதத்துக்குத் துப்பாக்கிச்சூடு நன்றாகக் குறைந்தது. அப்போது காலிச் பதவியை விட்டுப் போய் நாலு நாள். ஆனால் படை அதே படை, முகடு அதே முகடு. நிறுத்து என்றால் நிறுத்துகிற படை, சுடும்போது மட்டும் தன்னிச்சையாகச் சுட்டது என்றால் யார் நம்புவது? அவருடைய காலத்திலும் மேலே பேச்சுவார்த்தை நடந்தால் கீழே குண்டு குறைவதும் கூடுவதுமாக இருந்ததை நீதிபதிகள் கவனித்தார்கள். அடக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் மாட்டினார். படை தறிகெட்டுப் போய்விட்டது என்று இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக மாட்டியிருக்கமாட்டார்.

12 மார்ச்

சரயேவோவின் மார்கலே சந்தையில் விழுந்த குண்டு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். "அது முஸ்லிம்களே தங்கள் ஆட்கள்மேல் போட்டுக்கொண்டது" என்று ஒரு தம்பி வீடியோ வேறு அனுப்பியிருக்கிறார். சரி, உட்கார்ந்து எழுதுகிறேன்.

1994 பிப்ரவரி 5, சனிக்கிழமை மதியம். நெரிசலான சந்தையில் ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் மோட்டார் குண்டு. 60க்கும் மேற்பட்டோர் சாவு, 140க்கும் மேல் காயம். யார் போட்டது?

மோட்டார் குண்டு மேலே போய்ச் சாய்வாக விழும். விழுந்த இடத்தில் அதன் மூக்கு தரையில் ஒரு துளை போடும். அந்தத் துளையில் ஒரு குச்சியைச் செருகினால் குச்சியின் மறுமுனை குண்டு வந்த திசையைக் காட்டும். காந்த ஊசி வைத்துப் படித்தால் பாகை கிடைக்கும். வடக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே, சுமார் 18 பாகை, ஐந்து பாகை முன்னே பின்னே. இதுவரை பெரிய சண்டை இல்லை.

சண்டை தூரத்தில். ஒரு துளையை வைத்துக் கோடு போடலாம், புள்ளி வைக்க முடியாது. அந்தக் கோட்டில் முதலில் பெரும்பாலும் முஸ்லிம்கள் இருந்த போஸ்னிய அரசுப் படை, அதைத் தாண்டி முன்னரங்கு, அதைத் தாண்டி மெர்கோவிச்சி கிராமத்துப் பக்கம் செர்பியப் படை. மோட்டாரில் வெடிமருந்துப் பொட்டலத்தைக் கூட்டிக் குறைத்துப் போடலாம், அதனால் ஒரே கோணத்தில் விழுகிற குண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம், தூரத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஐ.நா. குழுவின் முதல் கணக்கில் பிழை இருந்தது. மறுபடி ஆராய்ந்த ஐ.நா. குழு, இரண்டு பக்கத்தில் எதுவும் சுட்டிருக்கலாம் என்று நிறுத்திக்கொண்டது. அந்தத் தம்பி அனுப்பிய வீடியோ அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது, கவனித்தீர்களா?

உள்ளூர் எஞ்சினியர் ஒருவர் இன்னொன்று செய்தார். குண்டின் வால் பகுதி, இறக்கை வைத்த துண்டு, தரைக்குள் போய்ப் புதைந்திருந்தது. அதைத் தோண்டி எடுத்து, எவ்வளவு ஆழம், என்ன கோணம் என்று அளந்தார். குண்டு வெடிக்கும்போது வால் பின்பக்கம் தள்ளப்படும். அதையும் மீறி இவ்வளவு ஆழம் இறங்கவேண்டுமானால் குண்டு எவ்வளவு வேகத்தில் விழுந்திருக்க வேண்டும்? அந்த வேகம் வர எத்தனை பொட்டலம் மருந்து, அப்படியானால் எவ்வளவு தூரம்? கணக்குப் போட்டதில் வந்த சாத்தியமான இடங்கள் பெரும்பாலும் செர்பியப் பகுதிக்குள். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் ஏற்றார்கள். மேல்முறையீட்டிலும் நின்றது.

13 மார்ச்

மாறுபட்ட அந்த மூன்றாவது நீதிபதி, கொலம்பியாவின் நியெத்தோ நாவியா, பற்றி. முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை பிணத்துக்குப் பிறகும் சந்தேகத்தின் பலனா என்று. ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அவர் மார்கலே நிரூபணமாகவில்லை என்றார், பீதி பரப்புதல் என்ற குற்றமே இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தில் வராது என்றார். அப்படி எதிர்த்து எழுத ஒருவர் பக்கத்தில் இருந்தால் மற்ற இரண்டு பேரும் காரணத்தைக் கவனமாகத்தான் எழுதவேண்டியிருக்கும். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத அளவை எப்போதும் தப்பாகத்தான் போகும், பக்கத்துக் காட்டுக்காரர் வந்து நின்றால்தான் சர்வேயர் இரண்டாவது தடவை சங்கிலியை இழுப்பார்.

15 மார்ச்

கோவைக்கார நண்பர் ஒருவர் நம்ம பக்க முற்றுகை எதையாவது எழுதச் சொல்கிறார். இருக்கிறது. 1791இல் திப்புவின் படை கோயமுத்தூர்க் கோட்டையை வளைத்தது. உள்ளே சால்மர்ஸ் என்ற கும்பினி அதிகாரி சில மாதம் தாக்குப்பிடித்து, நவம்பரில் சரணடைந்து, சீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாகப் போனார். கோட்டை போய்க் கோட்டைமேடு என்ற பேர் நிற்கிறது. நான் படித்த மட்டில் அதிகாரி பேர், பீரங்கி எண்ணிக்கை, எந்தத் தேதியில் எந்தச் சுவர் விழுந்தது என்பதெல்லாம் வருகிறது. ஊருக்குள் இருந்த சனம் என்ன தின்றது, எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

சரயேவோவில் அந்தப் பட்டியல் இருக்கிறது. 2012 ஏப்ரலில் இருபதாவது ஆண்டு நினைவுக்காகப் பெரிய வீதியில் 11,541 சிவப்பு நாற்காலி போட்டார்கள், ஒரு ஆளுக்கு ஒன்று. குழந்தைகளுக்குச் சின்ன நாற்காலி.

அப்புறம் சுரங்கம். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஊருக்குள் சோறு, மருந்து, ஆயுதம் கொண்டுவர 1993இல் விமான ஓடுதளத்துக்கு அடியில் ஒரு சுரங்கம் வெட்டினார்கள். டோப்ரினியாவிலிருந்து ஒரு குழு, புட்மிர் பக்கமிருந்து ஒரு குழு, மண்வெட்டியும் கடப்பாரையும். ஏறக்குறைய 800 மீட்டர். ஓடுதளத்தில் ஐ.நா. விமானம், வெளியே குண்டு, நேரில் பார்த்து நூல் பிடிக்க வழியே இல்லை. அப்படியும் சில மாதத்தில் நடுவில் சந்தித்துவிட்டார்கள். எங்கள் தாலுகாவில் இரண்டு ஏக்கர் காட்டை இரண்டு சர்வேயர் இரண்டு முனையிலிருந்து அளந்தால் நடுவில் ஒரு தென்னைமரம் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

16 மார்ச்

சுரங்கம் வழியாக ஆயுதமும் வந்ததே என்று ஒருவர் கேட்கிறார். அதை நான்தான் எழுதியிருக்கிறேன், அண்ணா. சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

19 மார்ச்

எல்லாரும் சுற்றிச் சுற்றி முள்ளிவாய்க்காலுக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். தமிழ் படிக்கிறவனுக்கு வேறு வழியில்லை.

பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமுக்கு (2021இலிருந்து மறுவாழ்வு முகாம் என்கிறோம்) வேலை நிமித்தம் போயிருக்கிறேன். அங்கே பெரும்பாலோர் தொண்ணூறில் வந்தவர்கள். பேரன் பேத்தி நம்ம ஊர்ப் பேச்சில் "என்னுங்க" என்பார்கள், ஆச்சி யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்வார். ஒரு வீட்டில் மட்டும் கடைசிச் சண்டை வரை வன்னியில் இருந்துவிட்டுப் பிறகு வந்த அம்மா ஒருவர். நான் சர்வேயர் என்று தெரிந்ததும் என்னிடம் கேட்டார்: "ஐயா, செல் எந்தப் பக்கத்தால வந்ததெண்டு குழியைப் பார்த்துச் சொல்லேலுமோ?" சொல்லலாம் அம்மா, மழை பெய்து மண் சரிவதற்குள் யாராவது பார்த்திருந்தால் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அங்கேயும் கொஞ்சம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2009 ஜனவரியில் வன்னிக்குள் உணவு வண்டிகளோடு போன ஐ.நா. பணியாளர்கள் சுதந்திரபுரத்தில், அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். தாங்கள் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவை (இடத்தைக் குறிக்கும் வரைபட எண்களை) இராணுவத் தலைமையகத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் தங்கினார்கள். அப்படியும் செல் விழுந்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியின் இடமும் இராணுவத்துக்குத் தெரிந்த இடம்தான், அதுவும் தப்பவில்லை. ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011 அறிக்கையில் இவற்றை எழுதியிருக்கிறது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதும் அதில்தான். சரயேவோவில் ஐ.நா. அதிகாரிகளின் முறையீடு எப்படி "தெரியும்" என்பதற்குச் சான்று ஆனதோ, அந்த வேலையை இங்கே ஆயத்தொலைவு செய்யக்கூடும். செய்யவைக்கக் கோர்ட் வேண்டும். சரயேவோ இருந்த முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையே தனி நீதிமன்றம் போட்டது. இங்கே போடவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் உடன்படிக்கையில் இலங்கை சேரவும் இல்லை.

20 மார்ச்

புலிகள் சனத்தைப் போகவிடாமல் தடுத்ததை ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் காய்ச்சி எடுத்திருக்கிறீர்கள். தடுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், அதே நிபுணர் அறிக்கையில் அதுவும் இருக்கிறது. சரயேவோவிலும் போஸ்னியப் படை கொசெவோ ஆஸ்பத்திரி வளாகத்திலிருந்து மோட்டார் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டது என்று காலிச் வழக்கிலேயே சாட்சியம் வந்தது. நீதிபதிகள் அதையும் எழுதினார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நோயாளி நோயாளியாகத்தான் இருக்கிறார். அவன் செய்த குற்றத்துக்கு அவனைப் பிடி, அதை உன் குற்றத்தில் கழித்துக்கொள்ள முடியாது. இதற்குமேல் இந்த இழையில் கட்சிச் சண்டை வேண்டாம், என் மகள் படிக்கிறாள்.

25 மார்ச்

நேற்று பிரிட்டன் நாலு பேர்மேல் தடை போட்டிருக்கிறது. இலங்கைப் படைகளின் முன்னாள் தளபதிகள் சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, நாலாவது புலிகளின் முன்னாள் தளபதி கருணா. பயணத் தடை, சொத்து முடக்கம். வாட்ஸ்அப்பில் பட்டாசு வெடிக்கிறார்கள். தடை வேறு, தீர்ப்பு வேறு, சாமி. தடைக்குக் குறுக்கு விசாரணை கிடையாது, குழியில் குச்சி செருகிக் காட்டவேண்டியதில்லை. தீர்ப்பு வந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். மிருசுவிலில் 2000ஆம் வருஷம் எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக ஒரு இலங்கை இராணுவ சார்ஜண்டுக்கு 2015இல் தூக்கு விதித்தார்கள். 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். அது தளபதிகூட இல்லை, சார்ஜண்ட்.

திருப்பூர்க்காரர் காலிச் இப்போது எங்கே என்கிறார். 1999 டிசம்பரில் பன்யா லூக்காவில் நேட்டோ சிப்பாய்கள் காரை மறித்துப் பிடித்தார்கள், 2009இல் ஜெர்மன் சிறைக்கு மாற்றினார்கள். முன்கூட்டியே விடச் சொல்லிக் கேட்டதை மறுத்துவிட்டார்கள். அவருக்கு மேலே இருந்த ராத்கோ மிலாடிச்சுக்கும் ஆயுள்தான், 2021இல் உறுதியானது. "தோற்ற பக்கம்" என்றீர்களே, அதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஜெயித்தவன் கூண்டில் ஏறுவது அபூர்வம். அதனால் ஏறியவன் நிரபராதி ஆகிவிடமாட்டான்.

30 மார்ச்

முகாமிலிருந்து படிக்கிற தம்பி, சிவில் மூன்றாம் வருஷம், அந்த அம்மாவின் உறவுக்காரப் பையன். அம்மம்மா சொல்வதைப் பதிவு செய்ய ஆசை, என்ன கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். இங்கேயே சொல்கிறேன், மற்றவருக்கும் ஆகும்.

யார் அடித்தது என்று முதலில் கேட்காதே. அதற்கு எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்கள். பங்கரின் வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, கடல் எந்தக் கைப்பக்கம் இருந்தது என்று கேள். முள்ளிவாய்க்கால் மணல் திட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல், கடல் எது என்று தெரிந்தால் கிழக்கு தெரிந்துவிடும். செல் கிளம்பிய சத்தம் முதலில் கேட்டதா, விழுந்த வெடி முதலில் கேட்டதா, விழுவதற்குமுன் கூவல் இருந்ததா. வெயில் முகத்தில் அடித்ததா முதுகிலா, தேதி மறந்திருந்தாலும் நேரம் கிடைக்கும். பக்கத்துப் பங்கரில் யார், அவர்கள் இப்போது எங்கே, கனடாவோ பிரான்ஸோ, பேர் எழுதிக்கொள். இரண்டாவது ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கோடுதான், புள்ளி வராது. அவர் அழுதால் பதிவை நிறுத்து, அடுத்த வாரம் போ. அவர் சொன்னதைத் திருத்தி நல்ல தமிழாக்காதே, "செல்" என்றால் செல் என்றே எழுது.

படம் வரையச் சொல், குச்சியால் மண்ணில் போட்டாலும் சரி, போட்டோ எடுத்துக்கொள். சாட்டிலைட் படத்தோடு பொருத்த வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கோபிக்கு வா, பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் போன் போடு.